ஆறு குழிகளுக்கு அனுமதி

வெர்ன் பெல்கிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது அக்டோபர் கடைசியில். சர்க்கரை வியாதி. வெர்மாண்ட் மாநிலத்தின் ஹாலோவே நகராட்சிக்கு இருபத்தாறு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று பக்கத்து வீட்டுத் தச்சன் டுவேன் லாஷான்ஸும் அவன் மச்சானுமாகச் சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கி, வாசலின் மூன்று படிகளையும் ஏறி, உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வைத்துவிட்டு டுவேன் வெளியே வந்து, படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்து, புல்வெளியைக் காலடியால் அளந்தான்.

"சனி, ஞாயிறு, ரெண்டு நாள் போதும் நொரீன். ஆறு குழி, ஆறு கம்பம், மேல சாய்வா பலகை. நாற்காலி உருண்டு ஏற ராம்ப் ரெடி. பலகை என்கிட்டயே கிடக்கு. நீ காபி மட்டும் போட்டுக் குடு."

வெர்னின் மனைவி நொரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். ஐம்பத்தெட்டு வயது. எதையும் கேட்டுக்கொண்டு செய்கிற சுபாவம். "டிரஸ்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிச்சிடலாம்," என்றாள்.

அவள் வாழ்க்கையில் செய்த பிழை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது பிழை என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வருஷங்களுக்கு முன்பு அவர்கள் வீடு வாங்கியதே ஹாலோவே சமூக நில அறக்கட்டளையால்தான். ஏரியைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஊரில் வீடு வாங்க ஆரம்பித்து, ஊரில் பிறந்தவர்கள் ஊருக்கு வெளியே வாடகைக்கு அலைந்த காலம் அது. அறக்கட்டளை ஒரு வழி செய்தது. நிலம் அறக்கட்டளையுடையது, அதை என்றைக்கும் விற்காது. நிலத்தின் மேல் நிற்கும் வீடு மட்டும் உங்களுடையது. தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. வீட்டை விற்கிற நாள் வந்தால், உங்களைப் போன்ற இன்னொருவர் வாங்கக்கூடிய விலைக்குத்தான் விற்க வேண்டும். நல்ல ஏற்பாடு. யாராவது அதைக் குறை சொன்னால் நொரீன் சும்மா விடமாட்டாள். அறக்கட்டளையின் நாட்காட்டிதான் வருஷா வருஷம் அவள் அடுப்புக்கு மேலே தொங்கும்.

அவள் தொலைபேசியில் சொன்ன நான்காம் நாள், அறக்கட்டளையின் நிலக் காப்பு அலுவலர் டாம்சின் ஆஸ்ட்ரோ வீட்டுக்கு வந்தாள். கையில் அவளே சுட்ட வாழைப்பழ ரொட்டி. மெல்லிய குரல். எதைச் சொன்னாலும் நம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதைப் போலவே இருக்கும்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் நொரீன். நாங்க வேண்டாம்னு சொல்லப் போறதில்லை. முப்பத்தொரு வருஷத்துல இந்த டிரஸ்ட் யாருக்கும் வேண்டாம்னு சொன்னதே கிடையாது. வேண்டாம்னு சொல்றது வாடகைக்கு விடற முதலாளிங்க பண்ற வேலை."

"ரொம்ப நல்லது. அப்ப சரின்னு சொல்லிடுங்க."

டாம்சின் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. "சரின்னு சொல்றதும் ஒரு அதிகாரம்தானே? அதை நாங்க கையில எடுத்துக்க விரும்பலை. சமூகம்தான் சொல்லணும்."

நாற்காலியிலிருந்து வெர்ன் கேட்டான்: "அந்தச் சமூகம் எங்க இருக்கு அம்மணி? நம்பர் குடுங்க, நானே பேசிடறேன்."

டாம்சின் மனம்விட்டுச் சிரித்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு விஷயத்தை விளக்கினாள். சாய்தளத்தின் பலகை வீட்டைச் சேர்ந்தது. அதில் பேச்சில்லை. ஆனால் கம்பம் நிற்க நாலடி ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பிக் கம்பத்தைத் தூக்கிவிடும். குழி என்பது நிலம். நிலம் எல்லோருக்கும் சொந்தம்.

"குழிக்குள்ள கான்கிரீட் போடுவோமே, அது?" என்று நொரீன் கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டாம்சின் சற்று யோசித்தாள். "அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை," என்றாள் பாராட்டாக. அந்தக் கேள்வியை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். நொரீனுக்கு நன்றிக் கடிதம் வந்தது.

விண்ணப்பம் பதினொரு பக்கம். அதற்கு விண்ணப்பம் என்று பெயரில்லை, 'நிலத்துடன் ஓர் உரையாடல்' என்று பெயர். நான்காவது கேள்வி: 'இந்த நிலம் உங்களுக்கு என்ன சொல்கிறது?' நொரீன் பேனாவைப் பிடித்துக்கொண்டு சமையலறை மேஜையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதினாள். இன்னும் கொஞ்சம் மனம் திறந்து எழுதும்படி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

"'மரியாதையா உள்ளயே கிட'ன்னு சொல்லுதுன்னு எழுது," என்றான் வெர்ன்.

அவள் 'களிமண். கல் அதிகம்' என்று எழுதினாள். அது ஏற்கப்பட்டது.

வெர்ன் நவம்பரிலும் டிசம்பரிலும் வீட்டை விட்டு இறங்கியது வாரத்தில் ஒரு நாள், மருத்துவரைப் பார்க்க. டுவேனும் மச்சானும் தூக்குவார்கள். மச்சானுக்கு முதுகு பிடித்துக்கொண்ட பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. மற்ற நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் ஓட்டிய வண்டியை இப்போது யாரோ ஒருவன் ஓட்டுவதைப் பார்ப்பான். "பிளேடை இறக்குடா, மேல மேல தடவிட்டுப் போறான் பாரு," என்று ஆரம்பத்தில் கத்துவான். ஜனவரியில் கத்துவதை விட்டுவிட்டான். நொரீன் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அந்த ஜனவரியில்தான் 'செவிமடுக்கும் வட்டம்' நடந்தது. சாய்தளம் வரப்போகிற இடத்திலேயே எல்லோரும் கூடிப் பேச வேண்டும் என்பது விதி. நிலத்தின் மேல் நின்றுகொண்டு பேசினால்தான் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று அறக்கட்டளை நம்பியது. பதினான்கு பேர் முழங்கால் பனியில் வட்டமாக நின்றார்கள். எல்லோர் மூக்கிலும் ஒழுகியது. வெர்ன் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தான். இறங்கி வர வழியில்லை. அவனைப் பார்த்து எல்லோரும் கையசைத்தார்கள். கூட்டக் குறிப்பில் 'வெர்ன் பெல்கி: அழைக்கப்பட்டார், கலந்துகொள்ளவில்லை' என்று பதிந்தார்கள்.

வட்டத்தில் ஒரு மர நாற்காலியும் இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்த நொரீன், வயதானவர் யாருக்காவது வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். அறக்கட்டளையின் இயக்குநர் கிரஹாம் எல்ஸ்வொர்த் விளக்கினார். உயரமான மனிதர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"இந்த நாற்காலி, இந்தக் குத்தகை முடியற வருஷத்துல இந்த வீட்டுல குடியிருக்கப் போறவருக்கு. அவர் இன்னும் பிறக்கலை. அவருக்காகப் பேச இங்க யாருமே இல்லை. இன்னிக்கு இருக்கறவங்க குரல் எப்பவும் பலமாத்தான் கேட்கும், ஏன்னா அவங்க இருக்காங்க. நாங்க 'நிரந்தரம்'னு ஒரு வார்த்தையைச் சும்மா சொல்லலை. வெர்ன் மேல எனக்கு ரொம்பப் பிரியம் உண்டு. ஆனா வெர்ன் ஒரு கட்டம். வீடுதான் நிரந்தரம். அந்தப் பிறக்காத மனுஷருக்கு ராம்ப் பிடிக்குமா? நமக்குத் தெரியாது. தெரியாதபோது காத்திருக்கறதுதான் மரியாதை."

சிலர் கையுறையோடு கை தட்டினார்கள். பொத் பொத் என்று சத்தம் வந்தது.

"அந்த ஆளுக்கு ரெண்டு காலும் இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று டுவேன் கேட்டான்.

கிரஹாம் கண்ணைத் திறந்தார். "அருமையான கேள்வி. இதுக்கு ஒரு துணைக்குழு போட்டாகணும்."

பனி பெய்ய ஆரம்பித்தது. டாம்சின் கூட்டம் முடியும்வரை பக்கத்திலேயே நின்று, நாற்காலியில் விழுந்த பனியைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு டுவேன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "நொரீன், நான் பாட்டுக்குத் தோண்டிடறேன். அவங்களால என்ன பண்ண முடியும்?"

"குத்தகையை மீறினதா ஆகிடும் டுவேன். வீடு போச்சுன்னா எங்க போவோம்? இந்த ஊர்ல எங்களுக்கு வேற எந்தக் கதவு திறக்கும்?"

டுவேன் சாத்திய கதவைத் திறந்துகொண்டு போனான். அவன் வீடும் அறக்கட்டளை நிலத்தில்தான் இருந்தது.

ஆனால் டுவேன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மார்ச் மாதம் ஒரு நாள் தன் பிக்கப் வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுவந்து வாசலுக்கு நேராக நிறுத்தினான். வாசல் பலகையிலிருந்து வண்டியின் பின்தட்டுக்கு இரண்டு கனமான பலகை. தட்டிலிருந்து பக்கவாட்டில் கீழே இறங்க இன்னும் இரண்டு. ஒரு குழி இல்லை, ஓர் ஆணி இல்லை. வெர்ன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வண்டித் தட்டில் ஏறி, நடுவில் நின்று, நாலு மாதத்துக்குப் பிறகு யாரும் தூக்காமல் தானாக வெளியே வந்த காற்றை மூக்கு நிறைய இழுத்தான்.

"டேய், கப்பல்ல நிக்கற மாதிரி இருக்குடா."

"இறங்குங்க கேப்டன், காபி வாங்கித் தரேன்."

அன்று அவர்கள் மூலையிலிருக்கும் பெட்ரோல் நிலையத்துக்குப் போய்க் காகிதக் கோப்பையில் காபி குடித்தார்கள். மறுநாளும் போனார்கள். வெர்ன் தன் பழைய கூட்டாளிகளைப் பார்த்தான். மறுபடி ஆட்களைத் திட்ட ஆரம்பித்தான். நொரீன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது வீட்டில் ஆளில்லாமல் இருந்தது. ஆளில்லாத வீடு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கடிதம் வந்தது. குத்தகையின் பதினேழாவது பிரிவின்படி, ஏழு நாட்களுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் எந்தப் பொருளும் நிலத்தின் மேல் செய்யப்பட்ட மாற்றமாகக் கருதப்படும். டுவேன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். ஆறு நாளைக்கு ஒருமுறை வண்டியை ஓரடி முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். டாம்சின் வந்து அதைப் புகைப்படம் எடுத்தாள். அறக்கட்டளையின் செய்திமடலில் முதல் பக்கத்தில் வந்தது. 'நம் குடும்பங்களின் படைப்பாற்றல்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

ஏப்ரலில் பனி உருகி மண் சேறானது. வெர்மாண்டில் அந்த மாதத்தில் ரோடு எது வயல் எது என்று தெரியாது. ஒரு காலை வெர்ன் பலகையில் பாதி தூரம் வந்தபோது வண்டியின் பின்சக்கரம் மெதுவாகச் சேற்றில் இறங்கியது. பலகை சாய்ந்தது. நாற்காலி சாய்ந்தது. எலும்பு முறியவில்லை. விலா கன்றிப்போயிற்று, முகத்தில் சேறு. நொரீனும் டுவேனும் அவனைத் தூக்கி உட்கார வைத்தபோது அவன் யாரையும் திட்டவில்லை.

"என்னை லூசில் வீட்டுல கொண்டு விட்டுடு," என்றான்.

லூசில் அவன் அக்கா. இருபது மைல் தள்ளி, தகரப் பெட்டி போன்ற ஒரு டிரெய்லர் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் ஒரு கஞ்சன். குழாய் உடைந்தால் வரமாட்டான், கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டான். யாரும் யாரையும் எதுவும் கேட்காத இடம். அங்கே முன்பு இருந்தவர் யாரோ ஒரு சாய்தளம் கட்டிவிட்டுப் போயிருந்தார். வெர்ன் அதில் தானாகவே ஏறி உள்ளே போனான்.

"ராம்ப் வர்ற வரைக்கும்தான்," என்றாள் நொரீன்.

"ஆமா, அது வர்ற வரைக்கும்தான்," என்றான் வெர்ன்.

அவளும் கூடப் போயிருக்கலாம். ஆனால் குத்தகைக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது ஒன்பதாவது பிரிவு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்வந்தாள்.

மே மாத ஆண்டு விருந்தில் நொரீனை இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். 'மீண்டெழும் குடும்பங்கள்' என்பது தலைப்பு. அவள் எழுந்து, தன் கணவனுக்கு ஒரு சாய்தளம் வேண்டும் என்றும், விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகிறது என்றும், அவன் இப்போது வீட்டில் இல்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேஜைக்கு மேஜை கண் துடைத்துக்கொண்டார்கள். கிரஹாம் தழுதழுத்த குரலில், இப்படிப்பட்ட குரல்தான் நிர்வாகக் குழுவுக்குத் தேவை என்றார். குத்தகைக்காரர்களுக்கான மூன்று இடத்தில் ஒன்று காலியாக இருந்தது. அங்கேயே கைதட்டலிலேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சு," என்று அந்த ஞாயிறு வெர்னிடம் சொன்னாள். "உள்ள உட்கார்ந்தா நானே கையைத் தூக்கலாம்."

லூசிலும் இன்னும் இரண்டு பேருமாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வெர்ன் கையிலிருந்த சீட்டை அடுக்கிக்கொண்டே, "தூக்கு, தூக்கு," என்றான்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு ஒன்பது பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். கோடையில் மற்றவர்கள் ஏரிக்குப் போய்விடுவார்கள். கூட்டம் நடக்க ஐந்து பேர் போதும். ஒன்பதாவது பொருள்: பெல்கி வீட்டுக் குழிகள். கிரஹாம் கனிவோடு திரும்பினார்.

"நொரீன், இது உங்க சொந்த விஷயமா இருக்கறதால, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும். உங்க நேர்மையைப் பாதுகாக்கத்தான்."

அவள் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். அவள் வெளியே போனதால் உள்ளே நான்கு பேர்தான் இருந்தார்கள் என்றும், நான்கு பேர் முடிவெடுக்க முடியாது என்றும், அதனால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருப்பதாகவும் சொன்னார்கள்.

"நான் உள்ளயே இருந்தா?"

"இருந்தா அஞ்சு பேர் ஆகிடும். ஆனா நீங்க இருக்கக் கூடாதே."

"அப்ப நான் குழுவுல இல்லாம இருந்தா?"

"அப்ப இந்தக் கூட்டமே நடந்திருக்காது நொரீன். நீங்க வந்ததாலதான் நடக்குது," என்றார் கிரஹாம். முகஸ்துதி இல்லை. உண்மையிலேயே நன்றியோடு சொன்னார்.

ஜூலையிலும் தாழ்வாரத்துக்குப் போனாள். ஆகஸ்டிலும் போனாள். தண்ணீர் இயந்திரத்துக்கு மேலே டுவேனின் வண்டியும் பலகைகளும் நடுவில் வெர்னும் இருக்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஜூனில் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜூலையில் சட்டம் கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பார்த்தாள். ஆகஸ்டில் அதை நேராக்கினாள். நேராக்கும்போது மறுநாள் பள்ளிக்கூடத்தில் மேக்ரோனிக்கு எத்தனை பெட்டி எடுத்து வைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஏரிக்குப் போனவர்கள் திரும்பினார்கள். அவள் வெளியே போனாள், உள்ளே கூப்பிட்டார்கள், எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"ஒருமனதா நிறைவேறிடுச்சு!" என்றார் கிரஹாம். "பதினோரு மாசம். ஒரு குரலைக்கூட விடாம கேட்டோம். இதை வெறும் ராம்ப்பா நான் பார்க்கலை. இது ஒரு வழிமுறை. இனி யார் ராம்ப் கேட்டாலும் இதே பாதையில அழைச்சுட்டுப் போகலாம்."

நொரீன் நன்றி சொன்னாள். மகிழ்ச்சி வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. சரி, பிறகு வரும் என்று உட்கார்ந்தாள்.

பத்தாவது பொருள் துணி உலர்த்தும் கொடி. மேட்டுத் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். இரண்டு கம்பம் நட வேண்டுமாம். குழந்தைத் துணி காயப்போட. அவள் முகத்தில் எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. எல்லோரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு ஆழம்?" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தப் பெண் நொரீனைப் பார்த்தாள். "ஆழமா? ரெண்டடி இருக்கும் மேடம்."

"ரெண்டடின்னா உறைபனியில தூக்கிடும். நாலடி போகணும். நாலடின்னா…" நொரீன் காகிதத்தைப் புரட்டினாள். "அக்கம்பக்கத்துல எல்லாரையும் கேட்டீங்களா?"

டாம்சின் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துப் பெருமையோடு புன்னகைத்தாள். அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். துணிக்கொடி அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நொரீனும் கை தூக்கினாள். தூக்கிய கையைக் கீழே இறக்கியபோதுதான் அது தன் கை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

அக்டோபரில் சாய்தளம் எழுந்தது. டுவேனின் பலகைகள் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கொண்டு தேவதாரு மரத்தில் கட்டினார்கள். இருபுறமும் கைப்பிடி, கால் வழுக்காமல் இருக்க மணல் பூசிய தளம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு. டுவேன் போய் வெர்னைக் கூட்டிவந்தான். கிரஹாம் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். டாம்சின் வாழைப்பழ ரொட்டியை வெட்டிக் கொடுத்தாள். நாடாவை வெட்டும் கத்தரிக்கோலை வெர்னின் கையில் கொடுத்தார்கள். அவன் வெட்டினான். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நிதானமாக மேலே போனான். மேலே போய்த் திரும்பி நின்றான். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அவர்கள் போன பிறகு நொரீன் அவனுக்குப் பிடித்த மேக்ரோனியும் மாட்டிறைச்சியும் தக்காளி விட்டுச் செய்ததைச் சுடச்சுட வைத்தாள். அவன் சாப்பிட்டான். சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். ஜன்னலுக்குப் போனான். மேஜைக்குத் திரும்பி வந்தான்.

"எத்தனை மணிக்குக் கொண்டு விடறே?" என்றான்.

அவள் கையில் கரண்டி இருந்தது. "எங்க?"

"லூசில் வீட்டுக்கு. திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போற வேன் அங்கதான் வருது. செவ்வாய்க்கிழமை பசங்க சீட்டாட வருவாங்க." தட்டைத் தள்ளி வைத்தான். "என் தலகாணியும் அங்கதான் இருக்கு நொரீன்."

ஏன் என்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழ வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டையும் எங்கே வைத்தோம் என்று தேடுகிறவளைப் போலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நாலு மணிக்குப் போலாம்," என்றாள்.

தட்டுகளைக் கழுவினாள். அவன் உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுத்தான். நாலு மணிக்கு அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, வாசல் கதவைத் திறந்து, நாற்காலியின் பிடியைப் பிடித்தாள். தள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சரிவு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. நாற்காலி தானாகவே இறங்கிப் போனது.